புதுப் பாடம் எடுக்கும்போது: சொல்லிக்கொடுப்பதா, தேட விடுவதா, பேச விடுவதா?

நாளைக்கு மூன்றாவது பீரியட். நாற்பது நிமிடம். புதுப் பாடம் ஆரம்பிக்க வேண்டும். பாடக்குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் ஆசிரியருக்கு முன்னால் இருப்பது மூன்றே வழிதான். நாமே விளக்கிச் சொல்லி, ஒன்றிரண்டைச் செய்து காட்டி, பிறகு பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாம். ஒரு சிக்கலைக் கையில் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க விடலாம். அல்லது ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லலாம். மற்றதெல்லாம் இவற்றின் கலவை.

எது நல்லது என்ற பேச்சு ஆசிரியர்கள் கூடும் இடத்தில் வந்தால் சீக்கிரமே கட்சிச் சண்டை ஆகிவிடும். பயிற்சி வகுப்பில் "ஆசிரியர் பேசுவதைக் குறையுங்கள்" என்பார்கள். தேர்வு நெருங்கினால் அதே ஆட்கள் "போர்ஷன் முடிஞ்சுதா?" என்பார்கள். இரண்டையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பழகிய வழியிலேயே பாடம் எடுத்துவிட்டு வருவோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் புதிது, பிள்ளைகளுக்கு அடிப்படையும் குறைவு என்றால் விளக்கிச் சொல்வதில் தொடங்குவதே சரி. பாதிப் பேருக்குப் பாதி தெரிந்த விஷயம் என்றால் பேச விடுவதில் பலன் அதிகம். தேட விடுவது பெரும்பாலும் கடைசியில் வர வேண்டியது, ஏனென்றால் கையில் கொஞ்சம் சரக்கு இருந்தால்தான் தேடவே முடியும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன். இந்த மூன்றில் எதை எடுத்தாலும், யாருக்குப் புரியவில்லை என்பது மணி அடிப்பதற்குள் நமக்குத் தெரியாவிட்டால் மூன்றும் ஒன்றுதான்.

பொதுவாகப் பேசினால் எல்லா முறையும் அழகாகவே தெரியும். அதனால் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: பகுதிகள் வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவது. 1/2 + 1/3 எவ்வளவு? விடை 5/6. முதல் தடவை பார்க்கும் வகுப்பில் 2/5 என்ற விடை வராமல் இருக்காது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். இதுவரை கற்ற கூட்டலை அப்படியே இங்கேயும் நீட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் வழி: சொல்லிக்கொடுப்பது

நின்ற இடத்தில் நின்று நாற்பது நிமிடம் பேசுவதை நான் சொல்லவில்லை. அது சொற்பொழிவு. நான் சொல்வது இப்படி நடக்கும்.

முதல் ஐந்து நிமிடம் பழைய பாடம். 1/2 = ?/6, 1/3 = ?/6 என்று பலகையில் எழுதி, எல்லோரையும் நோட்டில் போடச் சொல்ல வேண்டும். சமான பின்னம் தெரியாத பிள்ளைக்கு அன்றைய பாடம் ஓடவே ஓடாது, அதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. அப்புறம் கணக்கை வாய்விட்டு யோசித்தபடி போட்டுக் காட்ட வேண்டும்: "கீழே 2 இருக்கு, 3 இருக்கு. துண்டோட அளவே வேற, அப்படியே எண்ணக் கூடாது. ரெண்டுக்கும் பொதுவா 6 வரும். அரைன்னா ஆறில் மூணு. மூணில் ஒண்ணுன்னா ஆறில் ரெண்டு. மூணும் ரெண்டும் அஞ்சு. ஆக ஆறில் அஞ்சு." எழுதும் கையைவிட, ஏன் அப்படி எழுதுகிறோம் என்று சொல்லும் வாய்தான் இங்கே முக்கியம்.

இரண்டாவது கணக்கில் கடைசி அடியை மட்டும் விட்டுவிடுங்கள்: 1/4 + 1/3 = 3/12 + 4/12 = ? மூன்றாவதில் இரண்டு அடியை விடுங்கள்: 2/5 + 1/2 = ?/10 + ?/10 = ? நான்காவது, 1/6 + 3/4, முழுக்க அவர்களுடையது. கைப்பிடியை ஒவ்வொரு விரலாக எடுக்கிறோம்.

இது ஏன் வேலை செய்கிறது? ஒரே நேரத்தில் மனதில் வைத்துப் புரட்டக்கூடிய புதிய விஷயங்கள் மிகக் குறைவு. 1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து நான்கு அளவில்தான் என்றார். பகுதிகளைப் பார்ப்பது, பொது மடங்கு தேடுவது, இரண்டு பின்னங்களையும் மாற்றி எழுதுவது, தொகுதிகளைக் கூட்டுவது என்று எல்லாமே புதிது என்றால் பிள்ளைக்கு அங்கேயே இடம் நிரம்பிவிடுகிறது. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். தீர்த்து வைத்த எடுத்துக்காட்டுகளைப் படித்த மாணவர்கள், முதலிலிருந்தே தாங்களாகப் போட்டுப் பழகியவர்களைவிட, அதே மாதிரிக் கணக்குகளைக் குறைந்த நேரத்தில் குறைந்த பிழைகளோடு முடித்தார்கள். சும்மா உட்கார்ந்து படித்தவன் முட்டி மோதியவனை முந்தினான் என்பது அப்போது பலருக்கும் ஜீரணிக்க முடியாத செய்தி.

பாரக் ரோசன்ஷைன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், நல்ல ஆசிரியர்கள் வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்ற ஆய்வுகளைத் தொகுத்து 2010, 2012 ஆண்டுகளில் எழுதினார். அதில் இரண்டு கணக்குகள் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். நாற்பது நிமிடக் கணிதப் பாடவேளையில் நல்ல பலன் தந்த ஆசிரியர்கள் விளக்கம், செய்து காட்டுதல், கேள்வி கேட்டல் ஆகியவற்றுக்கு 23 நிமிடம் வரை செலவிட்டார்கள். பலன் குறைந்தவர்கள் 11 நிமிடம்தான். பின்னவர்கள் சட்டென்று விளக்கிவிட்டுப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டு, பிறகு மேசை மேசையாகப் போய் அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது பார்த்த காட்சிதானே நமக்கு? இரண்டாவது, நான்காம் வகுப்புக் கணித ஆய்வு ஒன்றில் நல்ல ஆசிரியர்களின் வகுப்பில் பிள்ளைகள் சொன்ன விடைகளில் 82 சதவீதம் சரி. பலன் குறைந்த வகுப்புகளில் 73. அதனால்தான் அவர் பயிற்சியின்போது எண்பது சதவீதம் சரியாக வரும்படி பாடத்தை நறுக்கச் சொல்கிறார். நூற்றுக்கு நூறு வந்தால் பாடம் எளிது, அறுபதுக்குக் கீழே போனால் பிள்ளைகள் தப்பைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வழியின் ஓட்டை எங்கே? "புரிஞ்சுதா?" என்று நாம் கேட்பதிலும், "புரிஞ்சுது" என்று கோரஸாக வரும் பதிலிலும். தெளிவாக விளக்கினால் கேட்பவருக்குப் புரிந்த மாதிரியே இருக்கும், தானாகப் போட உட்காரும்போதுதான் உண்மை தெரியும். இன்னொன்று, ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு இந்த நறுக்கல் தண்டனை. ஸ்லாவா கல்யுகாவும் ஸ்வெல்லர் குழுவினரும் 2003இல் எழுதியதுபோல, தொடக்கநிலை மாணவருக்கு உதவும் விரிவான வழிகாட்டல் தேறியவருக்கு உதவாமல் போவதோடு, சில சமயம் இடைஞ்சலாகவும் ஆகிவிடுகிறது.

இரண்டாவது வழி: தேட விடுவது

தானாகக் கண்டுபிடித்தது மறக்காது என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1961இல் கண்டறிதல் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பள்ளிப் பாடத்திட்டங்களுக்குள் வேகமாக நுழைந்தது. புரூனர் ஒன்றும் பிள்ளைகளை நட்டாற்றில் விடச் சொல்லவில்லை. தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் கண்டுபிடிப்பு வாய்க்கும் என்பதை அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

நம் பின்னப் பாடத்தில் இது எப்படி இருக்கும்? ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே நீளக் காகிதப் பட்டைகள் கொடுக்கிறோம். ஒன்றை இரண்டாக மடிக்கிறார்கள், ஒன்றை மூன்றாக. அரைத் துண்டையும் மூன்றில் ஒரு துண்டையும் ஒட்டி வைத்து, மொத்தம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். வகுப்பு கலகலப்பாக இருக்கும். யாராவது மேற்பார்வைக்கு வந்தால் மனம் குளிர்ந்து போவார். ஆனால் அந்த நீளத்தை அளக்க ஆறாக மடித்த பட்டை வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அரை என்பது ஆறில் மூன்று என்று முன்பே தெரிந்த பிள்ளைக்குத்தான். அந்த ஒருவர் கண்டுபிடிக்க, மற்ற மூன்று பேர் பட்டை மடிப்பதிலும் பசை தடவுவதிலும் மும்முரமாக இருப்பார்கள். அன்று மாலை அவர்களிடம் என்ன படித்தாய் என்று கேட்டால் பசை கையில் ஒட்டிக்கொண்ட கதை வரும்.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. டேவிட் கிளாரும் மிலேனா நிகமும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரிவுப் பலகையும் பந்தும் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும் என்ற அறிவியல் முறையைக் கற்பித்தார்கள். நேரடியாக விளக்கப்பட்டவர்களில் 77 சதவீதம் தேறினார்கள். தாங்களாகவே தேட விடப்பட்டவர்களில் 23 சதவீதம். தானாகக் கண்டுபிடித்தவருக்கு அறிவு ஆழமாக இறங்கியிருக்குமே என்று கேட்கலாம். அதையும் பார்த்தார்கள். பிறகு வேறொரு வேலையில் அந்த அறிவைப் பயன்படுத்துவதில், விளக்கம் கேட்டுத் தேறியவர்களும் தாங்களாகத் தேறியவர்களும் ஒன்றாகவே செய்தார்கள். எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பது பிறகு தெரியவில்லை.

இத்தோடு இந்த வழியை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தால், இரண்டு ஆய்வுகள் குறுக்கே நிற்கின்றன. லூயிஸ் அல்ஃபியேரியும் சகாக்களும் 2011இல் 164 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உதவியே இல்லாத தேடல், விளக்கத்திடம் தோற்றது. ஆனால் இடையில் குறிப்பு கொடுத்து, கேள்வி கேட்டு, விளக்கச் சொல்லி நடத்திய தேடல் மற்ற முறைகளை முந்தியது. இன்னொன்று, முதலில் நான் சொன்ன விதிவிலக்கு. மனு கபூர் சிங்கப்பூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பற்றி எதுவும் சொல்லாமல், எந்த விளையாட்டு வீரர் சீராக ஆடுகிறார் என்று அளக்க நீங்களே ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று விட்டார். சரியான சூத்திரத்தை யாரும் எட்டவில்லை. ஆனால் அதன் பிறகு ஆசிரியர் விளக்கியபோது, முதலிலேயே விளக்கம் கேட்டவர்களைவிட இவர்களுக்குக் கருத்து நன்றாக விளங்கியிருந்தது. சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்பதில் இரு தரப்பும் சமம்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த "அதன் பிறகு ஆசிரியர் விளக்கியபோது" என்ற பகுதியைத்தான். தோல்வி தானாகப் பலன் தருவதில்லை. மாணவர்கள் கொண்டுவந்த அரைகுறை வழிகளைப் பலகையில் ஏற்றி, இது எங்கே வரை சரி, எங்கே இடிக்கிறது என்று காட்டி, அங்கிருந்து சரியான முறைக்குக் கூட்டிப் போகும் ஆசிரியர் வேண்டும். அதற்கு நேரமும் வேண்டும். மற்றபடி, பிள்ளைகளுக்கு எதையாவது முயன்று பார்க்கும் அளவுக்காவது முன்னறிவு வேண்டும். சராசரி என்றால் என்னவென்றே தெரியாத வகுப்பில் இதைச் செய்து பார்த்தால் வெறும் முழிப்புதான் மிஞ்சும்.

மூன்றாவது வழி: பேச விடுவது

குழுவாக உட்கார வைத்தாலே அது குழுக்கற்றல் ஆகிவிடாது. நான்கு பேரை ஒரு மேசையில் போட்டு ஒரு தாளைக் கொடுத்தால் ஒருவர் எழுதுவார், ஒருவர் பேனா எடுத்துக் கொடுப்பார், மற்ற இருவர் ஊர்க்கதை பேசுவார்கள். ராபர்ட் ஸ்லேவின் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, குழுவுக்கு ஒரு பொது இலக்கும், அதே நேரத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் இருந்தால்தான் குழுவேலை கற்றலைக் கூட்டுகிறது என்றார். நடைமுறையில் எளிய வழி ஒன்று உண்டு. குழு முடித்த பிறகு வருகைப் பதிவேட்டிலிருந்து ஏதோ ஒரு எண்ணைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வது. யார் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரியாதபோது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

பேச விடுவதில் எனக்கு மிகவும் பிடித்த வடிவம் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்டு வருவது. கொஞ்சம் விளக்கம், அப்புறம் விடைத்தேர்வுக் கேள்வி ஒன்று. முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் தனியாக யோசித்து விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் வாதாட வேண்டும். பிறகு மறுபடி ஒரு தேர்வு. இதில் ஒரு விதி இருக்கிறது. முதல் சுற்றில் சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே பேச விடுவார். அதற்குக் கீழே என்றால் பேசுவதற்கு யாரிடமும் சரக்கில்லை, திரும்ப விளக்க வேண்டும். அதற்கு மேலே என்றால் பேசுவது வீண், சுருக்கமாக விளக்கிவிட்டுக் கடந்து போகலாம். எப்போது சொல்வது, எப்போது பேச விடுவது என்ற நம் கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான பதிலை நான் பார்த்ததில்லை.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். விரல் போதும். 1/2 + 1/3க்கு நான்கு விடைகள் எழுதுங்கள்: ஒன்று 2/5, இரண்டு 2/6, மூன்று 5/6, நான்கு 1/6. "மூணு எண்ணுறதுக்குள்ள விரலை நெஞ்சுக்கு நேரா காட்டுங்க" என்றால் பக்கத்தில் இருப்பவர் விரலைப் பார்க்கவும் நேரமிருக்காது. ஒரு விரல் காட்டுபவர் மேலும் கீழும் கூட்டியவர். இரண்டு விரல் காட்டுபவர் பொதுப் பகுதி கண்டுபிடித்துவிட்டு, தொகுதியை மாற்ற மறந்தவர். அவருக்கு ஒரு வாக்கியம் போதும். நான்கு விரல் காட்டுபவர் பெருக்கலோடு குழப்பிக்கொண்டவர். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு தவறான யோசனை இருக்கும்படி கேள்வியை அமைப்பதில்தான் உழைப்பு. பாடக்குறிப்பு எழுதும் நேரத்தில் பாதியை இந்த ஒரு கேள்விக்குக் கொடுத்தால்கூட நஷ்டமில்லை.

பேச விடுவது எங்கே மிகவும் ஜொலிக்கிறது என்றால், எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கருத்து இருந்து, அது தவறாகவும் இருக்கும் இடத்தில். கோடைக்காலம் ஏன் வருகிறது? பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்று பெரியவர்களே சொல்வார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம் என்ற ஒரு தகவலைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். அதன் பிறகு அச்சுச் சாய்வை விளக்கினால் கேட்கும் காது வேறு மாதிரி இருக்கும். விளக்கத்தை மட்டும் முதலிலேயே கொட்டியிருந்தால் நோட்டில் சாய்வும் மனதில் பழைய தூரமும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பேசவும் செய்யவும் விடும் வகுப்புகளே மேல் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் தொகுத்த 225 ஆய்வுகள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்கள் ஈடுபட்ட வகுப்புகளில் சுமார் 22 சதவீதம். நல்ல சான்றுதான். ஆனால் அது கல்லூரி அறிவியல், கணித வகுப்புகளைப் பற்றியது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பள்ளிப் படிப்பு பின்னால் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பின்னத்தை முதல் தடவை காட்டும்போது அதே எண்ணைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, இவர்களுக்கு இப்போது என்ன தெரியும் என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கனம் அதிகம். ஆண்டுத் திட்டத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ, அது இதற்கு விடையாகாது. ஐந்து நிமிடக் குட்டித் தேர்வுதான் விடை.

இரண்டாவது, பாடத்தின் தன்மை. எழுத்தின் வடிவம், வேதிக்குறியீடு, பகுதியைக் கீழே எழுதுவது போன்ற மரபுகளை யாராலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லிவிட வேண்டியதுதான். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதும் தேட விடும் விஷயமில்லை. படிப்படியான செய்முறைகளுக்கு எடுத்துக்காட்டு. தவறான உள்ளுணர்வு நிற்கும் இடத்தில் விவாதம். ஒரே விஷயத்துக்குப் பல அளவுகோல்கள் சாத்தியமாக இருந்தால், கபூர் மாதிரி முதலில் முட்ட விட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை: நமக்கே அந்தப் பாடம் எவ்வளவு தெரியும்? விளக்கும் வகுப்பில் வண்டி நம் கையில். தேட விடும் வகுப்பில் எந்தப் பக்கமிருந்து எது வரும் என்று தெரியாது. ஒரு பிள்ளை பொதுப் பகுதி 6க்குப் பதில் 12 எடுத்து 10/12 என்று கொண்டுவரும். இன்னொன்று 0.5 + 0.333 என்று தசமத்தில் போட்டு வந்து நிற்கும். இரண்டும் எங்கே சரி, இரண்டாவதில் ஏன் விடை முழுசாக முடியவில்லை என்று அந்த நொடியில் சொல்லத் தெரிய வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியரை முதல் மாதமே தேடல் வகுப்பு நடத்தச் சொல்வது அவருக்கும் கொடுமை, பிள்ளைகளுக்கும் கொடுமை.

வகுப்பில் அறுபது பேர் இருந்தால் காகிதப் பட்டை வேலை திணறும், விரல் காட்டுவது திணறாது. சத்தம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், பாடத்தைப் பற்றிய சத்தமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

முடிவெடுக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாத இரண்டு விஷயங்களும் உண்டு. ஒன்று, இவன் கண்ணால் கற்பவன், இவள் காதால் கற்பவள் என்ற பிரிப்பு. ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008இல் தேடிப் பார்த்தபோது, அந்தப் பிரிப்புக்கு ஏற்றபடி கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதுமான சான்று கிடைக்கவில்லை. இன்னொன்று, எந்த வகுப்பு பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது என்பது. 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்தினார்கள். தாங்களே பிரச்சினைகளைத் தீர்த்த மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள். அழகான விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்துக்கொண்டு குறைவாக எடுத்தார்கள்.

எந்த வழியிலும் கைகொடுக்கும் சின்ன விஷயம் ஒன்று: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, தாமாகப் பேசுபவர்கள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது. மூன்று நொடி என்பது வகுப்பில் நிற்கும்போது ஒரு யுகம் மாதிரி இருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, நாளைய பீரியட்

பின்னக் கூட்டல் முதல் நாள் என்றால் நான் இப்படித்தான் பிரிப்பேன். முதல் ஐந்து நிமிடம் சமான பின்னங்கள், எல்லோரும் நோட்டில். அடுத்த ஐந்து நிமிடம் சின்னத் தேடல்: 1/2 + 1/3 எவ்வளவு இருக்கும், ஊகியுங்கள். 2/5 வரும். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டு நிறுத்திவிடுவேன். 2/5 என்பது பாதிக்கும் குறைவு என்று யாராவது ஒருவர் பிடித்துவிட்டால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். தவறு என்று தெரிந்ததே தவிர சரியான வழி இன்னும் யாருக்கும் தெரியாது. அங்கேதான் விளக்கம் நுழைய வேண்டும், ஒரு பதினைந்து நிமிடம், கைப்பிடியைக் குறைத்துக்கொண்டே. அப்புறம் விரல் கேள்வி, சதவீதம் பார்த்துப் பேச்சு. கடைசி எட்டு நிமிடம் தனிப்பயிற்சி.

மறுநாள் ஆரம்பத்தில் நோட்டைத் திறக்காமல் இரண்டு கணக்கு. திரும்ப விளக்குவதைவிட இதற்கு ஏன் முன்னுரிமை என்றால், ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியது நினைவிருக்கிறது. ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதமும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதமும் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மையும் பிள்ளைகளையும் ஏமாற்றுகிறது.

வீட்டுப்பாடத்தில் ஒரே மாதிரிக் கணக்கு பத்து கொடுப்பதா, கலந்து கொடுப்பதா? முதல் நாள் ஒரே மாதிரி, அதன் பிறகு கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கலந்து. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கன அளவுக் கணக்குகளில் பார்த்ததில், கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது 60 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள், பிரித்துப் பழகியவர்கள் 89. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் கலந்தவர்கள் 63, பிரித்தவர்கள் 20.

திருத்தும்போது மதிப்பெண்ணா, குறிப்பா? ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு யார் குறிப்பைப் படிக்கிறார்கள்? அதனால் பயிற்சி நோட்டில் எண் வேண்டாம், தேர்வுத்தாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் விரல் கேள்வியில் முப்பது சதவீதத்துக்குக் கீழே வந்தால், அடுத்த பாடத்துக்குப் போகாமல் மறுபடி முதல் வழி, ஆனால் வேறு எடுத்துக்காட்டுகளோடு. எழுபதுக்கு மேலே வந்தால், மீதமிருப்பவர்களை முன் பெஞ்சுக்கு அழைத்து உட்கார வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தேட விடலாம். அவர்களுக்கு இதைக் கொடுங்கள்: 1/2, 1/3, 1/4 என்று மேலே ஒன்று மட்டும் உள்ள, ஒன்றுக்கொன்று வேறான பின்னங்களை மட்டும் கூட்டிச் சரியாக 1 வரவைக்க முடியுமா? 1/2 + 1/3 + 1/6 என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அப்போது "நான்கு பின்னத்தில் வருமா?" என்று கேட்டுவிட்டு முன் பெஞ்சுக்குத் திரும்பிவிடலாம்.